கைப்பைக்குள் அடங்கும் துப்பாக்கி

என் கணவர் எந்தப் பொருளையும் ஆராயாமல் வாங்கமாட்டார். ஒரு மிக்ஸி வாங்க மூன்று கடை ஏறி இறங்குவார். நாலாவது கடையில் வாங்கிவிட்டு, முதல் கடையில் இருந்ததுதான் உசத்தி என்று ஒரு மாதம் புலம்புவார். துபாயில், ஜெபல் அலி துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் மேலாளர் வேலை. வந்து இறங்கும் சரக்கின் எடை என்ன, உயரம் என்ன, எந்த அடுக்கில் ஏற்றலாம் என்று பார்ப்பதே பிழைப்பு என்பதால் வீட்டிலும் அந்தப் புத்தி விடாது. டெக்ஸாஸில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள் ஒரு சனிக்கிழமை மாலை வீடியோவில் வந்து, விலை குறைந்த சின்ன பிஸ்டல் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லவேண்டிய மனுஷன், "எடை எவ்வளவு?" என்று கேட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நறுக்கிக்கொண்டிருந்த முருங்கைக்காயைத் தட்டோடு சமையல் மேடையில் வைத்துவிட்டு வந்து நின்றேன். இவள் எங்களோடு இங்கே கராமாவில் வளர்ந்த பெண். உணவகத்தில் இடம் பிடிக்க மேசைமேல் போனை வைத்துவிட்டு வரிசைக்குப் போகிற ஊரில், கதவைப் பூட்டினோமா என்று யோசிக்காமல் தூங்கிய வீட்டில் வளர்ந்தவள். இங்கே பிறந்தாலும் இந்த ஊர் நமக்குச் சொந்தமில்லை, விசா இருக்கும்வரைதான் என்று சின்ன வயதிலேயே புரிந்துகொண்டு, படித்து, அமெரிக்கா போய்ச் சேர்ந்தாள். அங்கே ஒரு மருத்துவமனையில் மூச்சுச் சிகிச்சைப் பிரிவில் வேலை, கிரீன் கார்டும் வந்துவிட்டது. அப்படிப்பட்டவளுக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னாள். மாலை ஷிஃப்ட் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்குப் போகும்போது ஒருவன் பின்னாலேயே வருகிறானாம். முதல்முறை வெறுமனே வந்தான். அடுத்த முறை இவள் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் கண்ணாடியில் ஓங்கி அறைந்தானாம். காவலாளியிடம் சொன்னால் புகார் எழுதிக் கொடு என்கிறார். கூடத் தங்கியிருந்த பெண்ணும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். இத்தனையும் எங்களிடம் மறைத்திருக்கிறாள். திரும்பி வந்துவிடு என்றேன். வந்து என்ன செய்யட்டும், எந்த விசாவில் இருக்கட்டும் என்று கேட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வீட்டுக் கூடத்தில் துப்பாக்கிப் பேச்சுதான். மகள் சாதகங்களைச் சொல்வாள். ஒரு நல்ல போனின் விலைகூட இல்லை. உள்ளங்கை நீளம்தான், கைப்பைக்குள் அடங்கிவிடும். இடுப்பில் செருகி மேலே தொளதொளவென்று ஒரு சட்டை போட்டால் யாருக்கும் தெரியாது. கனமில்லை, அதனால் தினமும் கூடவே இருக்கும். பெரிதாக வாங்கியவர்கள் எல்லாம் கனம் தாங்காமல் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள், அது எதற்கு உதவும் என்பாள்.

என் வீட்டுக்காரர் விடுவாரா? வாரம் முழுக்க வீடியோ பார்த்துப் பாதகங்களைச் சேர்த்து வைத்திருப்பார். அழைப்பு மணி அடித்தால் லேப்டாப்பைப் படாரென்று மூடுவார். பிள்ளைகளுக்குப் பொம்மைத் துப்பாக்கி வாங்கவே ஒருமுறை யோசிக்கிற ஊரில் இந்த மனுஷன் உட்கார்ந்து இதைப் படிக்கிறாரே என்று எனக்குப் பதறும். கனமில்லை என்பதுதான் வம்பே, சுட்டால் கையை உதைக்கும் என்பார். பிடி சின்னது, சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. குழல் குட்டை, கொஞ்சம் தள்ளி நின்றாலே குறி பிசகும். உள்ளே கொள்வது சில தோட்டாக்கள்தான். மலிவுச் சரக்கில் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க உனக்குக் கையில் பலம் போதாது. சில நூறு தோட்டா சுட்டுப் பார்க்காமல் அதை நம்பக் கூடாது, அப்படிச் சுட்டுப் பழகுகிற செலவில் துப்பாக்கியில் மிச்சம் பிடித்தது போய்விடும். பைக்குள் வைத்தால் அவசரத்துக்குச் சாவிக்கும் சீப்புக்கும் நடுவே தேடவேண்டும், பையை ஒருவன் பிடுங்கிக்கொண்டு ஓடினால் துப்பாக்கியும் அவன் கைக்குப் போகும்.

எல்லாம் சரிதான். இத்தனை பேசினார்களே, சுட்டால் எதிரில் நிற்கும் ஓர் ஆள் செத்துப்போவான் என்பதை அப்பனும் மகளும் எந்தப் பக்கத்திலும் சேர்க்கவில்லை. நான்தான் குறுக்கே புகுந்து, உன்னால் சுட முடியுமா என்று கேட்டேன். சுடவேண்டி வராது, கூடவே இருக்கிறது என்று தெரிந்தால் நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவுதான் என்றாள். அடுத்த மாதம் வாங்கிவிட்டாள். அதைக் கூடவே வைத்துக்கொள்ள அரசாங்கம் கொடுத்த அனுமதி அட்டையும் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கான்வாஸ் பையில் தோட்டாப் பெட்டிகளைப் போட்டுக்கொண்டு சுடும் இடத்துக்குப் பழகப் போவாள். நான் ஊர் உறவு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

அந்த டிசம்பரில் விடுமுறைக்கு வந்தாள். துப்பாக்கியை அங்கே வீட்டில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருப்பதாக, நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். அது வரவில்லையே தவிர அதன் பழக்கம் கூடவே வந்திருந்தது. கராமாவில் அவள் பிறந்ததிலிருந்து சாப்பிடுகிற ஓட்டலில் என்னை எழுப்பிவிட்டு, வாசலைப் பார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள். லிஃப்டில் யாராவது ஏறினால் பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். மெட்ரோவில் பெண்கள் பெட்டியில்கூட நிமிடத்துக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். இவள் திரும்பிப் போவதற்குள் அந்தத் துப்பாக்கியை விற்றுவிடச் சம்மதிக்க வைக்கவேண்டும் என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

இங்கே இருக்கிற வீடுகளில் பைக்கு உரிமையாளர் என்று யாரும் கிடையாது. ஊருக்குப் போகிறவர் பெட்டியில் இடமிருந்தால் நம் சாமானை ஏற்றிவிடுவோம். அவர் அதைத் திருச்சியில் இறக்கினால், நம் ஆள் ஒருவர் வந்து பையோடு வாங்கிக்கொண்டு போவார். பை திரும்பி வராது. அதனால் எல்லா வீட்டிலும் கட்டிலுக்கடியில் பழைய பைகளைச் சேர்த்து வைத்திருப்போம். வரும்போது பழைய பை ஏதாவது இருந்தால் கொண்டுவா என்று மகளிடமும் சொல்லியிருந்தேன். பெட்டிக்குள் மடித்து அந்தக் கான்வாஸ் பையைக் கொண்டுவந்தாள். தோட்டா கொண்டுபோக வேறு பெட்டி வாங்கிவிட்டாளாம். நான் பால்கனியில் வைத்து உதறினேன். ஒரு தலைமுடி கிளிப் விழுந்தது. நல்ல கெட்டியான பைதான் என்று சந்தோஷப்பட்டேன்.

எங்கள் கட்டடத்தின் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் அதிராம்பட்டினத்துக்காரர். நாங்கள் குடிவந்த காலத்திலிருந்து இருக்கிறார். மகள் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருந்ததெல்லாம் அவர் கடை வாசலில்தான். எங்களுக்கு நேரமாகிவிட்டால் தன் நாற்காலியில் உட்காரவைத்து மிட்டாய் கொடுத்துப் பார்த்துக்கொள்வார். அவளுக்கு அவர் பாய் அங்கிள், அவருக்கு அவள் இன்றும் பாப்பா. அந்த வாரம் அவர் ஊருக்குப் புறப்பட்டார். தன் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடிக்கப் போகிறார். பெட்டியில் இடமிருக்கிறதா என்று கேட்டேன், தாங்க தங்கச்சி என்றார். திருச்சியில் இருக்கும் என் அக்காவுக்குப் பால்மாவு, பாதாம், தைலம் எல்லாம் கான்வாஸ் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

விமானக் கவுன்டரில் ஒரு கேள்வி கேட்பார்கள். பையை நீங்களே கட்டினீர்களா, யாராவது எதையாவது கொடுத்தனுப்பினார்களா என்று. நானேதான் கட்டினேன், யாரும் எதுவும் தரவில்லை என்று எல்லோரும் சொல்வோம். அப்படிச் சொல்லாத தமிழனை நான் இங்கே பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் அங்கேயே பிரித்துக் காட்டச் சொல்வார்கள், பின்னால் நிற்பவர் முறைப்பார். பாயும் அதைத்தான் சொன்னார்.

அவர் புறப்பட்ட அன்று மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கதவு தட்டப்பட்டது. பாயின் மச்சினன், அவர் இல்லாதபோது கடையைப் பார்த்துக்கொள்கிறவர், மேலே ஏறி வந்திருந்தார்.

"அக்கா, மச்சானை ஏர்போர்ட்ல புடிச்சு வச்சிருக்காங்க. பைல துப்பாக்கித் தோட்டா ஒண்ணு இருந்துச்சாம்."

எந்தப் பையில் என்று யாரும் கேட்கவில்லை. மகள் கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தாள். பையின் அடியில் இருந்த அட்டைக்கும் துணிக்கும் நடுவே ஒரு தையல் விட்டுப்போயிருந்ததாம். தோட்டா அதற்குள் உருண்டுபோயிருக்கிறது. அமெரிக்காவிலும் சரி, இங்கே வந்து இறங்கியபோதும் சரி, அது எப்படித் தப்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போகும்போது இங்கே அகப்பட்டதே நல்லது என்றும் தோன்றியது. அந்தத் தோட்டா திருச்சியில் அகப்பட்டிருந்தால், பாயின் பேருக்கும் தாடிக்கும் அங்கே என்ன கதை கட்டியிருப்பார்களோ.

போலீஸிடம் அது தன் பை, பழைய சந்தையில் வாங்கியது, தோட்டா எப்படி வந்தது என்று தெரியாது என்று பாய் சொல்லியிருக்கிறார். மச்சினனோடு போனில் பேச ஒரு நிமிடம் கிடைத்தபோது, மேல் வீட்டுக்காரர்களிடம் எதுவும் கேட்காதே என்றும் சொல்லியிருக்கிறார். மச்சினன் அதை மீறித்தான் எங்களிடம் வந்தார். இதைச் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்று அழுதார்.

அவர் கீழே போனதும் என் கணவர் எழுந்து கூடத்தில் நடக்க ஆரம்பித்தார். இப்போது நாமே போய்ச் சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அடுக்கினார். சொன்னால் பாய் வெளியே வருவார், மகள் உள்ளே போவாள். சொல்லாவிட்டால் மகளுக்கு நாலு நாளில் விமானம், அவள் போய்ச் சேர்ந்தபின் நாம் வக்கீல் வைத்து மெதுவாக எடுத்துச் சொல்லலாம், பாய் வயதானவர், விட்டுவிடவும் கூடும். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, சாப்பிட்ட கையைக் கழுவத்தான் மறந்திருந்தார். இந்த மனுஷன் பயந்தால் கணக்குப் போடுகிறவர் என்பது கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எடை எவ்வளவு என்று அன்று கேட்டதும் இதே பயத்தில்தான். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் எந்தப் பக்கம் நிற்பது என்றும் தெரியவில்லை. பெற்ற வயிறு ஒரு பக்கம், எங்கள் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்துக் காத்த மனிதர் ஒரு பக்கம்.

மகள் எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்ச் சுடிதார் மாற்றிக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு வந்தாள்.

"அப்பா, கார் சாவியை எடுங்க. இல்லன்னா நான் டாக்ஸில போறேன்."

காவல் நிலையத்தில் எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். மகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் பெயரில் இருக்கும் அட்டையையும் துப்பாக்கி வாங்கிய ரசீதையும் போனில் காட்டினாள். இளவயது அதிகாரி ஒருவர் அவளுடைய பாஸ்போர்ட்டைத் திறந்து, பிறந்த இடம் துபாய் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இந்த ஊரில் பிறந்த பெண்ணுக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். இந்த ஊரில் எனக்கு வேண்டியிருக்கவில்லை என்றாள் அவள்.

பிறகு பாயை அழைத்து வந்தார்கள். ஊருக்குப் போவதற்காகத் தைத்த புதுச் சட்டை கசங்கியிருந்தது. மகளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நீ ஏம்மா வந்தே? நான் வயசானவன், ரெண்டு நாள் வச்சிருந்துட்டு விட்டுருவாங்க. உன் வேலை என்னத்துக்கு ஆகும்?"

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். துப்பாக்கி வாங்கிய கதையையோ, ஒருவன் கார்க் கண்ணாடியில் அறைந்த கதையையோ சொன்னபோது அவள் அழுததில்லை. அன்றைக்கு அவர்கள் இருவரையுமே வைத்துக்கொண்டார்கள். நானும் கணவரும் அவளுடைய துப்பட்டாவையும் கம்மலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மேசையில் அவள் சாப்பிட்ட தட்டு அப்படியே காய்ந்து கிடந்தது.

மறுநாள் பாயை விட்டுவிட்டார்கள். அதற்கடுத்த நாள் மகளையும் விட்டார்கள், ஆனால் விசாரணை முடியும்வரை பாஸ்போர்ட் அவர்களிடமே இருக்கும் என்றார்கள். மாதக்கணக்கில் இழுத்தது. அவளுடைய விமானம் அவளில்லாமல் போயிற்று. பகலெல்லாம் பால்கனியில் உட்கார்ந்து மருத்துவமனைக்கு மின்னஞ்சல் எழுதுவாள். அவர்களும் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளிடத்தில் வேறு ஒருத்தியைப் போட்டார்கள். திரும்பி வந்தால் விடியவிடிய இரவு ஷிஃப்டில் மட்டும்தான் இடமிருக்கிறது என்று பதில் வந்தது. சரி என்று எழுதிவிட்டாள்.

பாய் பிறகு ஊருக்குப் போகவே இல்லை. நான் கடைக்குப் போகும்போதெல்லாம், அடுத்த மாதம் போகலாம் தங்கச்சி என்பார். காரணத்தை மச்சினன்தான் சொன்னார். செய்தி எப்படியோ அவர்கள் ஊருக்குப் போயிருக்கிறது. பெண்ணின் அத்தா தோட்டாவோடு பிடிபட்டாராம் என்று மாப்பிள்ளை வீட்டார் காதுக்கும் எட்டி, பேச்சு நின்றுபோய்விட்டது. நேரே கடைக்குள் போய் அவர் முன்னால் நின்று கைகூப்பினேன். அவர் யாருக்கோ வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க தங்கச்சி. பயந்துபோனவங்க வீட்ல பொண்ணைக் குடுத்து நான் என்ன செய்ய?" என்றார். தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டார்.

எங்கள் கட்டடத்தில் அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் பை கொடுப்பதில்லை. ஊருக்குப் போகிறவர்கள் சொல்லாமல் போய்விட்டு, திரும்பி வந்தபின்தான் போய்வந்ததையே சொல்கிறார்கள். எனக்கு அதில் குறை சொல்ல வாயில்லை.

மார்ச் மாதம் பாஸ்போர்ட் கிடைத்தது. கோப்பை மூடிவிட்டார்கள், இனி கவனமாக இரு என்று சொல்லிக் கையில் கொடுத்தார்கள். அன்று மாலையே அவள் பெட்டி கட்ட உட்கார்ந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து துணிகளை மடித்துக் கொடுத்தேன். டிசம்பரில் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன். கெஞ்சித்தான் கேட்டேன். "இனிமேலாவது அந்தச் சனியனை வித்துடுறியா?"

அதன் சாதகங்களை மறுபடி ஒப்பிப்பாள் என்று நினைத்தேன், நான் அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். பாய் வீட்டில் நாசமாய்ப்போன கல்யாணப் பேச்சைச் சொல்லலாம், லாக்கப்பில் கழிந்த இரவுகளைச் சொல்லலாம், அந்த ஒரு தோட்டா இத்தனை வீட்டைக் கெடுத்ததைச் சொல்லலாம்.

"அம்மா, கேட்டவங்ககிட்ட எல்லாம் பாய் அங்கிள் என் பேரைச் சொல்லவே இல்ல. எனக்காக உள்ள உக்காந்தாரு. அங்க நான் நடுராத்திரி பார்க்கிங்ல நின்னு கத்தினா, மேல ஜன்னலைச் சாத்திப்பாங்க. இங்க உங்களுக்கு அவர் இருக்காரு. அங்க எனக்கு அதுதாம்மா இருக்கு."

சொல்லிவிட்டு, என் மடியிலிருந்த கடைசிச் சுடிதாரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். நான் எழுந்து பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்தேன்.